அக்காவின் எதிர்கால மட்டாஞ்சேரி

“மழையாக்கும். ரெண்டு வாரமா நின்ன பாடில்ல. நீங்க மூணு பேரும் ஒரு தகரக் கூரைக்கு அடியில ஒதுங்கி நிக்கறீங்க. தலைக்கு மேல மாடி, மாடி, மாடி. கீழ ரோடு இல்ல, தண்ணி. இடது பக்கம் ஒரு விளக்கு எரியவா வேண்டாமான்னு முனகிட்டிருக்கு. எங்கேயோ மீன் வறுக்கறாங்க. செரி, என்ன பண்ணப் போறீங்க?”

அக்கா இப்படித்தான் தொடங்குவார். முன்னுரை எதுவும் கிடையாது. அந்த நிமிஷம் வரைக்கும் கையில் சாயா கிளாஸோடு, பாங்கில் தன்னோடு வேலை பார்க்கும் ஒருத்தியின் கல்யாணப் புடவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். கிளாஸை மேஜையில் வைத்த சத்தம் கேட்டதும் மழை பிடித்துக்கொள்ளும்.

வெளியே பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் என் அப்பாவுக்கு, எங்கள் வீட்டுப் பேச்சில் அத்தாவுக்கு, ஒரு சுக்கு, மிளகுக் கடை. அதன் மாடியில் காலிச் சாக்குகளை அடுக்கிவைக்கும் அறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஜார் அடைத்துக் கிடக்கும்போது நாங்கள் நாலு பேர் அங்கே ஒரு பழைய மேஜையைச் சுற்றி உட்காருவோம். நான், என்னோடு களமசேரியில் வேலை பார்த்த ஹரி, போர்ட் கொச்சியிலிருந்து வரும் நர்ஸ் ஸெலின், அப்புறம் அக்கா. எனக்கும் ஹரிக்கும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனியில் பிழை தேடும் வேலை. வெளிவரப்போகும் விளையாட்டுகளை ஆடிப் பார்த்து, எங்கே ஆள் சுவருக்குள் புகுந்துவிடுகிறான், எங்கே துப்பாக்கி அந்தரத்தில் தொங்குகிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். திரையில் எத்தனையோ நகரங்களில் அலைந்திருக்கிறோம். அக்காவின் நகரத்தைப் போல ஒன்றில் அலைந்ததில்லை. அதற்குத் திரையே கிடையாது. அவர் சொல்லச் சொல்ல அது எழும்பும்.

அக்காவுக்குக் கண் தெரியாது.

எங்கள் வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளி அவர் வீடு. அவர்களும் எங்களைப் போலத் தலைமுறைகளாகக் கொச்சியில் இருக்கும் தமிழ் பேசும் குடும்பம். சின்ன வயதில் அவருக்கு முதலில் இருட்டில்தான் கண் தெரியாமல் போனதாம். பிறகு ஓரங்கள் போயின. கல்லூரி முடிக்கும்போது ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்தக் குழாய்க்குள் வைத்து, எழுத்து எழுத்தாக அவர் கடைசியாகப் படித்தவை சைபர்பங்க் கதைகள். பிறகு அதுவும் போயிற்று.

சைபர்பங்க் என்றால் என்ன என்று என் அம்மா ஒருநாள் சாயா கொண்டுவந்தபோது கேட்டார். ஹரி பெரிதாக விளக்கப் போனான். எதிர்காலம், ராட்சசக் கம்பெனிகள், உடம்புக்குள் பொருத்திய இயந்திரங்கள், கலர் கலராக மினுங்கும் விளம்பர விளக்குகள், அவற்றுக்குக் கீழே ஒண்டிக் கிடக்கும் ஜனங்கள் என்று அடுக்கினான். அம்மா முழித்தார். அக்கா சொன்னார்:

“மிஷினெல்லாம் புதுசு இத்தா. மனுஷங்க படற பாடு மட்டும் பழசு. அவ்வளவுதான்.”

அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான் கீழே போனார்.

விளையாட்டு இப்படி நடக்கும். அக்கா கதை சொல்வார். நாங்கள் மூவரும் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். ஹரி ஒரு திருடன், ஸெலின் லைசென்ஸ் இல்லாத டாக்டர், நான் படகோட்டி. அடுத்து என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். அக்காவின் விரலுக்குத் தெரியும்படி புடைத்த புள்ளிகளோடு ஹரி பகடைகள் செய்து கொடுத்திருந்தான். நாங்கள் உருட்டியதும் அக்கா கையை நீட்டித் தொட்டுப் பார்ப்பார். முகம் மாறாது.

அந்த நகரம் இதே மட்டாஞ்சேரிதான். எத்தனை வருஷம் கழித்து என்று அவர் சொன்னதில்லை. கடல் ஏறி வந்து பஜார் ரோடு வாய்க்காலாகிவிட்டது. பழைய கிடங்குகளின் மேலேயே புதிய மாடிகளைக் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். மேல் மாடிகள் கம்பெனிக்கு. அங்கே காற்றுகூட வாடகைக்கு. கீழே நாங்கள். கப்பலண்டி என்றால் மலையாளத்தில் கடலை. அந்தப் பேரிலேயே உள்ள கப்பலண்டிமுக்கில், லிப்ட் நிற்கும் இடத்தில் இன்னமும் ஒருவர் வறுத்த கடலை விற்கிறார். அவருடைய வலது கை இரும்பு, ஆனால் கடலையை மட்டும் இடது கையால்தான் அள்ளிப் போடுவார். ஏன் என்று கேட்டோம். “சூடு தெரியணும்ல” என்றார் அக்கா, கடலைக்காரரின் குரலில்.

கேட்டால்தான் தெரியும். கேட்காவிட்டால் எதுவும் சொல்ல மாட்டார். அவருடைய குணமே அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. தமிழில் காதால் வாங்குவதற்கும் கேள்வி போடுவதற்கும் ஒரே சொல்லாக இருப்பது அவருக்காகவே அமைந்தது போல. ரெண்டையும் அவர் ஒன்றாகத்தான் செய்தார். ஆட்டோவில் ஏறினால் டிரைவரிடம் அந்த வண்டி வாங்கிய கதையைக் கேட்பார். புது மருந்து கொடுத்தால், இது யாருக்கெல்லாம் ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்பார். ஸெலின் ஒரு தடவை, “கண்ணு போனா காது கூர்மையாகும்னு சொல்றாங்களே சேச்சி, உள்ளதாணோ?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் கூடல மோளே. எனக்குக் கேக்கறதெல்லாம் உனக்கும் கேக்குது. நீ நின்னு கேக்கறதில்ல, அவ்வளவுதான்.”

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு வாய் பிளந்தது உண்மை. அவர் போன் திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும். அந்த வேகத்தை நான் முதலில் கேட்டபோது போன் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். தகரத்தில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி ஒரு சத்தம். அதற்குள் அவர் மூன்று மெயிலைப் படித்து, ஒன்றுக்குப் பதிலும் சொல்லி முடித்திருந்தார். நான் திரையில் பார்த்த எந்த இயந்திர மனிதனும் அப்படி ஒன்றைச் செய்ததில்லை. அதைச் சொன்னபோது சிரித்தார். “போடி. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா நீயும் பழகிருப்பே.”

என் வேலைப் புத்தி சும்மா இருக்காது. அந்த நகரத்திலும் பிழை தேடினேன். எப்போதோ ஒருமுறை நாங்கள் ஒளிந்துகொண்ட தையல் கடைக்கு, பல மாதம் கழித்து வேண்டுமென்றே என் படகைத் திருப்பினேன். நான்தான் மறக்காமல் இருந்தேன், அவர் மறந்திருப்பார் என்று நினைப்பு.

“உள்ளே தையல் மிஷின் சத்தம் இல்ல” என்றார் அக்கா. “எண்ணெய் வாசனை மட்டும் மிச்சம் இருக்கு. பக்கத்துக் கடைக்காரி சொல்றா, வாடகையை ஏத்திட்டாங்க, தையல்காரர் வைப்பின் தீவுக்குப் போயிட்டார்னு. போகும்போது உன்னைக் கேட்டாராம். அன்னிக்கு ஒளிஞ்சுகிட்ட பொண்ணு பிழைச்சாளான்னு.”

நான் போகாத மாதங்களிலெல்லாம் அந்த ஊர் தன்பாட்டில் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் புதிதாக ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்தார். வாய்க்கால் ஓரத்தில் பாடிப் பிழைக்கும் பெண். கண் தெரியாதவள். அதுவரை அக்கா தன் கதையில் கண் தெரியாதவர் யாரையும் வைத்ததில்லை. நாங்களும் கேட்டதில்லை. அந்தப் பாட்டுக்காரி எங்கள் தகரக் கூரைக்கு வந்து சொன்னாள்:

“கம்பெனிக்காரங்க எனக்குச் சும்மாவே கண்ணு வெச்சுத் தர்றேங்கறாங்க. சோதனைக்காம். வாங்கட்டுமா?”

“வாங்கிக்கோ!” என்றான் ஹரி. “சும்மாதானே!”

“கண்ணு எனக்குள்ள இருக்கும். அதை ஓட்டற மூளை அவங்க மாடியில இருக்கும். நாளைக்கு அவங்க கடையைப் பூட்டிட்டுப் போனா?”

“போகும்போது பார்த்துக்கலாம்.”

“அப்போ பார்க்க முடியாதே” என்றாள் பாட்டுக்காரி. நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

அந்த விவாதம் பல ஞாயிறுகளுக்கு நீண்டது. வழக்கமாக அக்கா எங்களைச் சண்டை போடவிட்டு ஒதுங்கி உட்காருவார். இந்தத் தடவை பாட்டுக்காரி ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஸெலின் வேண்டாம் என்றாள். உள்ளே சீழ் பிடித்துவிட்டால் யார் எடுப்பது, அந்தச் சாமானைத் தெரிந்த டாக்டர் வேறு யார் இருப்பார் என்பது அவள் கட்சி. நான் என் பங்குக்கு ஒரு வீரத் திட்டம் போட்டேன். கம்பெனிக் கோபுரத்தில் ஏறி, கண்ணின் வரைபடங்களைத் திருடிக்கொண்டு வந்துவிடலாம். அப்புறம் கம்பெனி இருந்தால் என்ன, போனால் என்ன.

ஏறினோம். இப்படி ஒரு கோபுரத்தை அக்கா அதுவரை கட்டியதே இல்லை. ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் இன்னொரு கதவு. பகடையில் நல்ல எண் விழுந்தபோதும் அடுத்த தளம் எங்களை விழுங்கியது. ஹரியின் திருடன் ஒரு காலை இழந்தான். அடிபட்டு, நனைந்து, தகரக் கூரைக்குத் திரும்பி வந்தோம்.

“இது நியாயமில்ல சேச்சி. ஜெயிக்க வழியே வெக்கல்ல நீங்க” என்று ஹரி கோபப்பட்டான்.

“வழி இருந்தா சொல்லு. எனக்கும் தெரியணும்” என்றார் அக்கா. குரல் கரகரத்திருந்தது. அது பாட்டுக்காரியின் குரலா அவருடைய குரலா என்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை.

ஸெலின்தான் மெதுவாகக் கேட்டாள். “அல்ல சேச்சி, இந்தக் கண்ணை இவளுக்கு மாத்திரமா வெக்கறாங்க? வேற ஆருக்கெல்லாம்?”

அக்காவின் கை பகடையின் மேல் இருந்தது. அதை எடுத்து டப்பாவில் போட்டார்.

“நான் அதை யோசிக்கலை” என்றார்.

அந்த நகரத்தில் அவர் யோசிக்காத ஒன்று இருக்கிறது என்று அவரே சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. இன்றைக்குப் போதும் என்று எழுந்து, தன் மடக்குக் கம்பை விரித்துக்கொண்டு படியிறங்கினார்.

அடுத்த வாரம் மழையைத் தொடங்காமல் எங்களிடம் விஷயத்தைச் சொன்னார். வேறு ஊரில் உள்ள ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரியில், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் கருவியைச் சோதித்துப் பார்க்கப்போகிறார்கள். கண்ணுக்குள் ஒரு சின்னத் தகடு. முகத்தில் காமிரா வைத்த கண்ணாடி. இடுப்பில் ஒரு பெட்டி. அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் அவர் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்.

ஹரிக்கு முகம் வெளுத்துவிட்டது. “நான் சும்மாதானேன்னு சொன்னேனே சேச்சி.”

“நல்லதாப் போச்சு. என் வீட்டுல ஆரும் என்கிட்ட அப்படித் துணிஞ்சு பேசமாட்டாங்க. எல்லாரும் உன் இஷ்டம், உன் இஷ்டம்னு சொல்லிட்டு அடுக்களைக்குப் போயிருவாங்க. நீங்க மூணு பேரும்தான் நிஜமா சண்டை போட்டீங்க.”

“அதால என்ன தெரியும் அக்கா? முகமெல்லாம் தெரியுமா?” என்று கேட்டேன்.

“இல்ல. வெளிச்சப் புள்ளிங்க. வாசல் எது, சுவர் எதுன்னு தெரியலாம். கலர் கிடையாது.” பகடை டப்பாவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். “நான் உங்களுக்கு நீல விளக்கு, சிவப்பு விளக்குன்னு சொல்றேன்ல? முன்னெல்லாம் சொல்லும்போது உள்ளே வரும். இப்போ நீலம்னு சொல்றேன், ஒண்ணும் வர்றதில்ல. வார்த்தை மட்டும் வருது. வெளிச்சம் எப்படி இருக்கும்கறதே மறந்துட்டிருக்கு, கேட்டியா. அது முழுசா போறதுக்கு முன்னாடி கொஞ்சம் வேணும். எவ்வளவு மங்கலானாலும் சரி.”

நாங்கள் நிறம் நிறமாகக் கண்டுகொண்டிருந்த நகரத்தை, அதைக் கட்டியவர் இருட்டில் நின்றுகொண்டு எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஸெலின் கேட்டதுபோல, இந்தக் கருவி வேறு யாருக்கெல்லாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்ல மாட்டார்கள். அதனால் அக்கா டாக்டரிடம் தன் நம்பரைக் கொடுத்து, விருப்பமிருந்தால் கூப்பிடச் சொல்லுங்கள் என்றார். டாக்டர் நல்ல மனுஷர். அவர் சொல்லி, தேர்வான மற்றவர்கள் ஒவ்வொருவராக அக்காவைக் கூப்பிட்டார்கள், மொத்தம் ஐந்து பேர். ஆலப்புழைப் பக்கத்திலிருந்து வயதான ஔஸேப்பேட்டன். பொள்ளாச்சியில் பாட்டுச் சொல்லித்தரும் ஒரு பெண். சேலத்தில் முன்பு மெக்கானிக் கடை வைத்திருந்த ஒருவர். தூத்துக்குடியிலிருந்து ஓர் அண்ணனும் தங்கையும். அக்கா எதையும் போதிக்கவில்லை. அவர்களிடமும் கேள்விதான் கேட்டார். பிறகு ஆறு பேரும் ஒரே பதிலை அனுப்பினார்கள்: கம்பெனி போய்விட்டால் கருவியைப் பழுதுபார்க்க வேண்டிய எல்லாம் ஆஸ்பத்திரியின் கையில் இருக்க வேண்டும். இருந்தால் ஆறு பேரும் வருகிறோம். இல்லாவிட்டால் ஒருவரும் வரவில்லை.

பேச்சுவார்த்தைக்கு அக்காவோடு துணைக்குப் போனேன். கம்பெனியின் சார்பில் வந்திருந்தவள் என் வயதுப் பெண். மரியாதையாகத்தான் பேசினாள்.

“கம்பெனி போறதெல்லாம் நடக்காது மேடம். கம்பெனி ரொம்ப உறுதியா இருக்கு.”

“நடக்காதுன்னா எழுதித் தர்றதுல என்ன கஷ்டம்?” என்றார் அக்கா. “நான் சண்டைக்கு வரலை மோளே. எனக்குள்ள ஒரு சாமானை வெக்கப்போறீங்க. அப்புறம் அது ஆரோடது? என்னோடதா, உங்களோடதா?”

அந்தப் பெண் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர், “எனக்கும் அது தெரிஞ்சா நல்லது” என்றார்.

உடனே எதுவும் நடந்துவிடவில்லை. மாதக்கணக்கில் இழுத்தது. நடுவில் ஔஸேப்பேட்டன் தளர்ந்து, வயசாயிற்று, கிடைக்கிறதை வாங்கிக்கொள்கிறேனே என்று போனில் அழுதிருக்கிறார். போங்கள் ஏட்டா, நான் தப்பாக நினைக்க மாட்டேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அவர் போகவில்லை. கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. வரைபடங்கள், கருவியை ஓட்டும் மென்பொருள், மாற்றுச் சாமான்கள் என்று கேட்டதில் பெரும்பகுதியை ஆஸ்பத்திரியில் ஒப்படைக்கச் சம்மதித்தார்கள்.

ஆபரேஷனுக்கு முன்தினம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் ஜில்லென்று இருந்தன. “எனக்குப் பயமா இருக்கு. இல்லேன்னு நினைச்சுக்காதே” என்றார். நான் அந்த வராந்தாவில் என்னென்ன இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். நீல நாற்காலிகள், தண்ணீர் ட்ரம், செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்ட ஒரு குழந்தை. அவர் ஒவ்வொன்றையும் பற்றி ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தார். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகக் கை சூடாயிற்று.

புண் ஆறிக் கருவியை ஓடவிட்டு, வாரக்கணக்கில் பயிற்சி முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாடியறைக்கு வந்தார். முகத்தில் தடித்த கருப்புக் கண்ணாடி. அதிலிருந்து ஒரு வயர் இடுப்புக்குப் போயிற்று. நாங்கள் மூவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றோம். தலையை மெல்ல இடமும் வலமும் திருப்பி எங்களைத் துழாவினார்.

“மூணு தூண் நிக்குது” என்றார். “நடுத்தூண் ஹரியா? அசையாம இருக்கத் தெரியாதே உனக்கு.”

பிறகு ஜன்னலுக்குப் போனார். கீழே காயல் இருட்டத் தொடங்கியிருந்தது. ஒரு படகு விளக்கோடு எர்ணாகுளம் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அக்காவின் தலை அதோடு சேர்ந்து, கொஞ்சம் பிந்திப் பிந்தி நகர்ந்தது. படகு திரும்பி மறையும் வரை அவர் மூச்சு விட்டதாகவே தெரியவில்லை.

“எப்படி இருக்கு அக்கா?”

படகு போன பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். “எண்ணெயில கடுகு பொரியற மாதிரி. இருட்டுல, சத்தமில்லாம.”

ஸெலின் அழுதுவிட்டாள். ஆஸ்பத்திரியில் தினமும் எத்தனையோ பார்க்கிறவள். அக்கா நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். ஏன் என்று கேட்டேன். “ரெண்டு ஊரை ஒரே நேரத்துல பார்க்க முடியாது” என்றார். அன்று அவர் சொன்ன நகரத்தில் கம்பெனிக் கோபுரத்தின் விளம்பரங்கள் ஒவ்வொன்றாகப் பொரிந்து தெறித்தன. எனக்குக் கண் கூசியது. மெய்யாகவே கூசியது.

இரண்டு மூன்று வருஷம் அந்தக் கருவி நன்றாக ஓடியது. அதனால் பெரிய காரியங்கள் எதையும் அவர் செய்யவில்லை. வாசலைக் கண்டுபிடித்தார். துணி காயும் கொடியில் மோதாமல் நடந்தார். சாயங்காலங்களில் படகுத்துறையில் போய் உட்கார்ந்துகொண்டார். பிறகு ஒருநாள், பாங்கில் சாப்பாட்டு நேரத்தில், அவருக்கு அந்த மெயில் வந்தது. கம்பெனி இந்தக் கருவியைக் கைவிடுகிறது. இனி புதிதாக எதுவும் வராது.

விஷயம் தெரிந்ததும் பதறிப்போய் அவருக்குப் போன் செய்தேன். லைன் கிடைக்கவேயில்லை. முதலில் அவர் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு, ஒப்படைத்த சாமான்கள் பத்திரமாக இருப்பதையும், அங்கே உள்ள எஞ்சினியர்களுக்கு அதை ஓட்டத் தெரியும் என்பதையும் உறுதி செய்துகொண்டிருந்தார். பிறகு ஐந்து பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருந்தார். உங்க கருவி நாளைக்கும் ஓடும், சாமான் இருக்கிற வரைக்கும் ஓடும், அதுக்கப்புறம் என்னன்னு சேர்ந்து யோசிக்கலாம் என்று சொல்லியிருந்தார். தூத்துக்குடித் தங்கைக்கு மட்டும் நடுக்கம் அடங்கவில்லையாம். அதனால் எல்லாரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரிக்கு வரச் சொல்லிவிட்டார்.

இப்போது அக்கா மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். நானும் கொச்சியில் இல்லை. ஹரி வெளிநாட்டில். அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

அத்தா கீழே கடையைத் திறந்துவைத்து ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டார். மேஜையைச் சுற்றி ஆறு பேர். ஆறு கருப்புக் கண்ணாடிகள், ஆறு வயர்கள், இடுப்பில் ஆறு பெட்டிகள். அவற்றைச் செய்த கம்பெனியே கைகழுவிவிட்ட கருவிகள் ஓடிக்கொண்டிருந்தன. நாங்கள் இத்தனை வருஷம் கற்பனையில் ஆடிய கதை எதிரே வந்து உட்கார்ந்து வாழைப்பழ அப்பம் தின்றுகொண்டிருந்தது. நானும் ஹரியும் ஸெலினும் சுவரோரம் சாக்குகளின் மேல் உட்கார்ந்தோம். எங்கள் நாற்காலிகள் அவர்களுக்கு.

“கண்ணாடியைக் கழட்டிருங்க” என்றார் அக்கா. “அந்த ஊருக்கு இது வேண்டாம்.”

ஆறு கண்ணாடிகளும் மேஜையின் நடுவில் குவிந்தன.

“அங்கே ஒவ்வொருத்தருக்கும் உடம்புல ஒரு மிஷின் உண்டு. எது வேணுமோ கேளுங்க. என்ன கேட்டாலும் தருவேன்.”

பொள்ளாச்சிப் பெண் கால் கேட்டாள், கூரைக்குக் கூரை தாவுவதற்கு. சேலத்துக்காரர் விரலுக்கு ஒரு ஸ்பானர் வைத்த கை கேட்டார். தூத்துக்குடி அண்ணன் தண்ணீருக்கடியில் மூச்சுவிடும் செவுள் கேட்டான். தங்கை வெகு நேரம் யோசித்து, “எனக்கு ஒரு வால்” என்றாள். “எதுக்கு?” “இவனை அடிக்கறதுக்கு.” சிரிப்பில் அறை அதிர்ந்தது. அவளுடைய நடுக்கம் எங்கே போயிற்றோ.

ஔஸேப்பேட்டன் தொண்டையைச் செருமினார். “எனக்கு ஒரு வயிறு போதும் மோளே. எது தின்னாலும் ஒந்நும் பண்ணாத வயிறு. டாக்டர் எல்லாத்தையும் நிறுத்திட்டார்.”

ஸெலின் என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் கவனித்ததை அவளும் கவனித்திருந்தாள். ஐந்து பேரில் ஒருவரும் கண் கேட்கவில்லை.

அக்கா சிரித்து முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஔஸேப்பேட்டன் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு முன்னால ஒரு தட்டுக்கடை. கல்லுல பொறோட்டா அடிக்கற சத்தம். பக்கத்துல சட்டியில எறச்சி கொதிக்குது, மல்லியும் மிளகும் தூக்கலா. என்ன பண்றீங்க ஏட்டா?”

பெரியவர் நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“உட்காருவேன்.”

“எத்தனை பொறோட்டா?”

“வெச்சுக்கிட்டே இரு” என்றார் ஔஸேப்பேட்டன். “போதும்னு ஆகும்போது நான் சொல்றேன் மோளே.”